இடது காதுக்கு வந்த கிட்டார்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

போன் அடித்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம். எங்கள் ஆல்பம் முடிந்துவிட்டது, பென் டிரைவில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாடகர் யாரும் கிடையாது, முன்னாலேயே சொல்லிவிட்டேன். "பாட்டு எப்போடா ஆரம்பிக்கும்?" என்று கேட்டு மானத்தை வாங்காதே.

ஜாஸ் ஃப்யூஷன் என்கிற எங்கள் கலப்பு இசையில் தாளம் ஏழு ஏழாகப் போகும். காலால் தட்டிப் பார்க்காதே, குழம்பிவிடுவாய். பாஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு போ. என் கிட்டார் கண்ட இடத்துக்கும் ஓடிவிட்டு, ஏழு முடிகிற இடத்தில் சரியாக வந்து சேரும். ஹெட்போனில் கேள். கேட்டுவிட்டு உண்மையைச் சொல், எனக்கு உதறல் எடுக்கிறது.

உன் தம்பி

ஜூன் 11

கம்பிப் பயலே,

பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை ஓரங்கட்டி, ஹெட்போனில் முழுதும் கேட்டேன். அந்த டிரம்ஸ்காரருக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்ன! அந்த ஏழு தாளத்தை ஸ்டியரிங்கில் தட்டிப் பழகிவிட்டேன்.

ஆல்பத்தில் நான்காவதுதான் உயிர். கீபோர்டு நின்றதும் பாஸும் டிரம்ஸும் மட்டும் மெல்ல நடக்கின்றன. இதோ வருவான், இதோ வருவான் என்று காத்திருந்தேன். நீ வரவேயில்லை. அடேயப்பா, என்ன துணிச்சல்! வாயாடி ஒருத்தன் பேசாமல் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனால் மற்றவற்றிலும் உன்னைக் காணோமே, அது கொஞ்சம் ஓவர்டா.

உன் அக்கா

ஜூன் 16

அக்கா,

இதைப் படித்ததும் வண்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிடு. நான் எல்லாவற்றிலும் வாசிக்கிறேன், நான்காவதில் விடாமல் வாசிக்கிறேன். கிட்டாரை இடது காதுக்கு மட்டும் வரும்படி பதிவு செய்தோம். கீபோர்டு வலது காதுக்கு.

ஹெட்போன்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும், கடவுளே. இடது வலது மாற்றி மாட்டிப் பார். கிட்டார் வந்து கீபோர்டு காணாமல் போனால் ஹெட்போன் மேல் தப்பில்லை. அக்கா, போன் எடுக்காதது இதனால்தானா? இடப்பக்கம் ஹார்ன் அடித்தால் உனக்குக் கேட்கிறதா?

தம்பி

ஜூன் 24

என் தம்பி,

மாற்றி மாட்டினேன். நீ வந்தாய். கீபோர்டு போய்விட்டது.

சாவியைக் கொடுத்துவிட்டேன். இடது காது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று, வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. போன மாதம் ஒரு சைக்கிள்காரர் இடப்பக்கம் மணி அடித்துக்கொண்டே வந்திருக்கிறார், நூலிழையில் தப்பினார். "செவிடாம்மா நீ?" என்று கத்தினார். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

டாக்டரிடம் போனேன். ஸ்கேனில், காது நரம்பில் கட்டி என்று தெரிந்தது. "உயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா, ஆனா அந்தக் காது திரும்ப வராது" என்றார் டாக்டர். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். பயமாக இருக்கிறதுடா, ரொம்பப் பயமாக இருக்கிறது. நான்காவதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எவ்வளவு பேசியிருக்கிறாய் அதில், ஒன்றுமே என் காதில் விழாமல் பாராட்டு மட்டும் எழுதினேனே.

கிளம்பி வா. மயக்கம் தெளியும்போது கட்டிலுக்கு வலப்பக்கமாக நின்று என்னைக் கூப்பிடு.

அக்கா