வலை மட்டும் விழுகிறது

அன்புள்ள உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா இறந்த துக்கத்தில் வீட்டோடு இத்தா இருக்கும் உங்களுக்கு முழங்கால் வலி குறைந்ததா? மழைக்கு வாவித் தண்ணீர் வளவுக்குள் ஏறவில்லையே? டார்வினில் நான் சுகம்.

இங்கே ஒரு சுவரில் மாலையில் புரொஜெக்டரில் ஓடும் அசையும் ஓவியத்தை இயக்குவதுதான் என் வேலை. அதை வரைந்த அவுஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் டோரா அன்ரியின் அண்ணன் போன கிழமை இறந்துவிட்டார். ஓவியத்தில் அவர் ஆற்றில் வலை வீசிச் சிரிப்பார். மரியாதை என்று நினைத்து அந்த முகத்தை அப்படியே நிறுத்தி, கீழே பெயரையும் போட்டேன். அன்ரி பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எங்கள் வழக்கத்தில் இறந்தவரின் முகத்தையும் பெயரையும் கொஞ்சக் காலம் மறைத்துவிடுவோம். திரும்ப எப்போது காட்டலாம் என்று குடும்பம் சொல்லும்” என்றார். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. உடனே அவர் உருவத்தையும் பெயரையும் எடுத்துவிட்டேன். இப்போது வலை மட்டும் தானாக விழுகிறது.

சம்பலுக்குப் போடும் மாசித்தூள் முடிந்துவிட்டது, யாராவது இங்கே வந்தால் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று. தங்கச்சி றிஸ்னா நம் வட்ஸ்அப் குழுவுக்கு முகப்புப் படமாக வாப்பாவின் படத்தைப் போட்டிருக்கிறாள். “சாப்பிட்டியா மகன்?” என்று நீங்கள் அனுப்பும்போதெல்லாம் வாப்பாவின் முகம்தான் முதலில் வருகிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். பிறகு எடுத்துப் பார்க்கிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

திரும்ப எப்போது போடலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் உம்மா.

பஸ் வந்துவிட்டது.

நுஸ்கி