கிணற்றுச் சதுக்க நூல் அலமாரியும் பேராசிரியர் கெம்பரும்

அனுப்புநர்
முனைவர் வோல்க்மார் ரெம்லிங்,
ஓய்வு பெற்ற விரிவுரையாளர்,
கிணற்றுச் சதுக்கம், மூன்றாம் மாடி,
ஃபிராங்ஃபர்ட்.

பெறுநர்
வட்டாரக் குழுத் தலைவர் அவர்கள்,
வட்டாரக் குழு அலுவலகம்,
கிணற்றுச் சதுக்கம், ஃபிராங்ஃபர்ட்.

பொருள்: சதுக்கத்திலுள்ள பொது நூல் அலமாரியிலிருந்து என் நூலின் பிரதிகளை ஒரே நபர் தொடர்ந்து எடுத்துச் செல்வது – தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் குழு சதுக்கத்தின் நடுவே வைத்திருக்கும் கண்ணாடிக் கதவு அலமாரியில் வேண்டாத நூலை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம். விலை இல்லை, கையெழுத்து இல்லை. எங்கள் தத்துவத் துறையின் ஆசான்கள் இதே ஊரில் உட்கார்ந்து, சந்தையும் விலையும் மனிதரை என்ன பாடுபடுத்துகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர்கள் கண்ட கனவில் இங்கே நிறைவேறியது இந்த அலமாரி ஒன்றுதான் என்பது என் கருத்து. ஆகவே அலமாரியின் மீது எனக்குப் புகார் இல்லை. அதில் கை வைக்கும் ஒருவர் மீதுதான் புகார்.

2. நான் எழுதியது ஒரே நூல்: 'பொறுமையின்மை: ஒரு கருத்தின் வரலாறு'. எழுதி முடிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. இதைக் கேட்டுச் சிரித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தாங்களும் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். விற்காத பிரதிகளைக் காகிதக் கூழாக்கப் போவதாகச் சென்ற ஆண்டு பதிப்பகத்தார் தெரிவித்தார்கள். மிஞ்சியவற்றை வீட்டுக்கு எடுத்து வந்து, சனிக்கிழமைதோறும் ஒரு பிரதியை அலமாரியில் கண் மட்டத்தில் வைத்தேன். மாலைக்குள் அது போய்விடும். அந்த மாதங்களில் நான் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மனு மொழியில் எழுத எனக்குத் தெரியவில்லை. டிராமில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, இவராக இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

3. பேராசிரியர் ரோஸ்விதா கெம்பரும் நானும் ஒரே ஆசிரியரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள். நெறியாளரை 'முனைவர்த் தந்தை' என்பது எங்கள் வழக்கம். அந்த முறையில் அவர் எனக்குத் தங்கை. தேர்வில் தேறியவருக்கு உடன் படிப்பவர்கள் கேலிப் பொருள்கள் ஒட்டிய அட்டைத் தொப்பி செய்து மாட்டிவிடுவார்கள். அவருடைய தொப்பியைச் செய்தவன் நான். எங்கள் தந்தை, காலஞ்சென்ற பேராசிரியர் ஓட்மார் கிராஸ், அதைத் தன் அறையில் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். என் தொப்பி எங்கே போயிற்று என்று நான் கேட்டதில்லை.

4. கெம்பர் இதுவரை ஐந்து நூல்கள் எழுதியுள்ளார். நம் ஊர்ச் சிந்தனையாளர்கள் எதையெல்லாம் மறுத்தார்கள், மறுத்துவிட்டு அதே உலகத்தில் எப்படிக் குடித்தனம் செய்தார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஐந்தையும் இரண்டு முறை படித்திருக்கிறேன். முதல் முறை, குற்றம் கண்டுபிடிக்க. இரண்டாம் முறை, முதல் முறை கிடைக்காததால். மூன்றாம் நூலில் எனக்கு நன்றி கூறியிருக்கிறார், அடிக்குறிப்பில், பொடி எழுத்தில். அவருடைய நூலை யாராவது இந்த அலமாரியில் வைத்தால் (வைப்பவர்கள் குறைவு) அடுத்தவர் வருவதற்குள் அது போய்விடுகிறது. இதற்குப் பொறாமை என்று பெயர் என்பது எனக்கும் தெரியும். மறைத்து எழுதித் தங்கள் நேரத்தை வீணாக்குவானேன்? வயிறு எரிகிறது, ஐயா.

5. கடந்த மார்ச் மாதம், சதுக்கத்து முனையில் பீரும் பத்திரிகையும் விற்கும் பெட்டிக்கடைக்காரர் திருமதி நெர்மின், மிச்சச் சில்லறையை என் கையில் வைத்தபடியே தெரிவித்தது:

“டாக்டர், உங்க புத்தகத்த எடுக்குறது ஊர்ச்சனம்னு நெனச்சிட்டிருக்கீங்க. ஒரே அம்மாதான். வாராவாரம் சைக்கிள்ல வர்றாங்க.”

அடுத்த சனிக்கிழமை அவர் கடையின் பத்திரிகை அடுக்குக்குப் பின்னால் நின்றேன். வந்தவர் கெம்பர். என் நூலை எடுத்தார், அட்டையில் இருந்த ஈரத்தைக் கோட்டுக் கையால் துடைத்தார், துணிப்பையில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் நூல் எவர் கையிலும் சிக்கிவிடக் கூடாதென்றே இப்படி வாரிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். என் மீதும் அவருக்குப் பொறாமை இருக்கிறதே என்ற நிறைவு.

6. அதற்கடுத்த வாரம் நேரில் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. முடிந்த குளிர்காலக் கல்விப் பருவம் முழுவதும் என் நூலைத்தான் தன் வகுப்புக்குப் பாடமாக வைத்திருந்ததாகவும், கடைகளில் கிடைக்காததால் மாணவர்களுக்கு இங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்ததாகவும், வகுப்பு முடிந்த பின்னும் கேட்டு வருகிறவர்கள் இருப்பதாகவும் சொன்னார். என்னிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா, வோல்க்மார்? எனக்குன்னா மாட்டே.”

கொடுத்திருக்க மாட்டேன் என்பது உண்மை. பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டே இதையும் சொன்னார்:

“கடைசி வகுப்புல பசங்க மேசையத் தட்டுன தட்டுல அவங்க கையே வலிச்சிருக்கும். தட்டுனது எனக்கில்ல, உனக்கு. நீதான் அங்க இல்ல.”

7. எங்கள் பல்கலைக்கழகங்களில் கை தட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுவோம் என்பது தாங்கள் அறிந்ததே. முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தேன். எனக்குக் கிடைத்தவை எல்லாம் மரியாதைக்குத் தட்டியவை. தட்டும்போதே மறுகையால் பையை எடுத்துக்கொண்டிருப்பார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை கை வலிக்கத் தட்டியிருக்கிறார்கள். அதையும் அவர்தான் நின்று கேட்டிருக்கிறார். டிராமில் நான் தேடிய வாசகர் எவரும் இல்லை. இருந்தவர்கள் அனைவரும் அவர் அனுப்பியவர்கள். முன்பு அவருடைய நூல்கள் மட்டும் அவருடையவையாக இருந்தன. இப்போது என் நூலும் அவருடையதாகிவிட்டது. அவர் நல்லெண்ணத்தில்தானே செய்தார் என்று தாங்கள் கேட்கலாம். திருமதி நெர்மினும் அதையேதான் கேட்டார். கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் இந்த மனுவை எழுதியே இருக்க மாட்டேன்.

8. ஆகவே, ஒரு நூலில் ஒருவர் ஒரு பிரதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்பை அலமாரிக் கதவில் ஒட்ட ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். என்னிடம் எஞ்சியிருப்பது ஒரே பிரதி. அதை அலமாரியில் வைக்க எனக்குத் துணிவில்லை, இம்மனுவுடன் இணைத்துள்ளேன். தாங்கள் எங்கள் துறையைச் சேர்ந்தவர் அல்லர், கெம்பரிடம் படித்தவரும் அல்லர் என்று விசாரித்து அறிந்தேன். முடிந்த அளவு படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நூலைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். பிடித்திருந்தால் தங்கள் மேசையை ஒரு முறை தட்டுங்கள். தங்கள் அறை ஜன்னல் சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலைகளில் நான் அதன் கீழே நின்றுகொண்டிருப்பேன். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும்.

இடம்: ஃபிராங்ஃபர்ட்
நாள்: 14 ஏப்ரல்

காத்திருக்கும்,
வோல்க்மார் ரெம்லிங்
(ஒப்பம்)

இணைப்பு: நூல் – 1. பேராசிரியர் கெம்பர் கேட்டால் தர வேண்டாம்.