ஜமால் பார்த்து வைத்த படகு

அன்புள்ள ஜமால்,

மச்சான் என்று எழுதத்தான் கை போனது. நான்கு மாதம் உன் கடை வாசலை முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தவனுக்கு அந்த உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. கடைசியில் கேட்டுக்கொள்கிறேன்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் நீ வண்டிகளுக்கு சீட் கவர் தைத்தாய். என்ஜினீயரிங் படித்த என்னைக் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியது. விருப்பம் அவர்களுடையது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கு எந்தக் கோபம்தான் ஆறியிருக்கிறது?

அப்போதுதான் நீ படகுப் பேச்சை எடுத்தாய். "கடையை மருமவன் பார்த்துக்குவான். நாம ஒரு படகு வாங்கிடலாம் மச்சான். காலைல மீன் புடிக்கணும். அப்புறம், கோவளத்துல பசங்க பலகை மேல நின்னுகினு வர்றானுங்களே, அந்த மாதிரி அலை மேல ஏறி வரணும்."

"உன் தொப்பைக்கு அலை தாங்காதுடா."

"அலை தாங்கும். நீ தாங்குவியா, அத்த சொல்லு."

நான் சிரித்து மழுப்பினேன். பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், உன் ஸ்கூட்டரில் கோவளத்துக்கு! ஒரு படகு மிக நீளம் என்றேன். ஒன்றின் அடிப்பாகம் சரியில்லை என்றேன். ஒன்றில் ஃபைபர் மெலிசு என்றேன். படித்த வார்த்தைகள் எல்லாவற்றையும் பயன்படுத்தினேன். "இன்னா மச்சான், படகு பார்க்க வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா? ஒண்ணுக்கு மூக்கு சரியில்ல, ஒண்ணுக்கு நடை சரியில்லைன்றே" என்று நீ சிரிப்பாய்.

எந்தப் படகிலும் குறை இல்லை ஜமால். எனக்கு நீச்சல் தெரியாது. ஐம்பத்தைந்து வயதில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் நீ கடல் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கரையே அழுதுகொண்டிருந்தபோது எனக்குள் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது. இதை எழுதக் கூசுகிறது.

பிறகு ஒருநாள் போன் செய்தாய். நீயே போய் ஒரு படகைப் பார்த்துப் பேசி வைத்துவிட்டதாக. நேரே கடைக்கு வந்தேன். வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினேன். "ரெக்ஸின் தைக்கிறவனுக்குப் படகைப் பத்தி என்னடா தெரியும்?"

நீ கத்தரியைக் கீழே வைத்தாய். "சரிங்க சார்" என்றாய்.

நாற்பது வருடப் பழக்கத்தில் முதல் முறையாக சார். அதையும் எனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டு நான்கு மாதம் பேசாமல் இருந்தேன். அதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது. அடக்கத்தின்போது கடைசி வரிசையில் நின்றேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதலுக்கு வந்தபோது உன் மனைவி மெஹர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். "அண்ணா, இது உங்களுக்குன்னு தைச்சு வெச்சிருந்தாரு. எடுத்துட்டுப் போய்க் குடுங்கன்னேன். 'அவனா வரட்டும்'னுட்டாரு."

கறுப்பு ரெக்ஸினில், உள்ளே தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பட்டையை அடைத்த மிதவைச் சட்டை. அளவே எடுக்காமல் என் வயிற்றுக்குச் சரியாக இருந்தது.

"எனக்கு நீச்சல் வராதுன்னு அவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஸ்கூல்லேயே தெரியுமாம். ஏரில எல்லாரும் குதிப்பாங்களாம், நீங்க மட்டும் கரையில உக்காந்து சட்டைங்களைப் பார்த்துக்குவீங்களாம். 'சொல்ல வெக்கப்படறான், நாமளா கேக்கக் கூடாது'ன்னுவாரு."

மறுநாள் கோவளம் போனேன். படகுக்காரர் ஏழுமலை காட்டினார். அகலமான, தட்டையான படகு. "பாய் மொதல்ல கேட்டது வேற சார். ஒல்லியா, அலை ஏறுற மாதிரி. ரெண்டு நாள் கழிச்சு வந்து, வாணாம், கவுறாத மாதிரி குடுன்னாரு. இது அலைக்கு ஆவாது பாய்னேன். 'முட்டுக்காட்டு உப்பங்கழியிலயே சுத்திக்கிறோம்பா, அங்க இடுப்பளவுதான்'னுட்டாரு."

நீ ஆசைப்பட்ட அலையை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு வந்த நாளில்தான் நான் உன் கடையில் நின்று கத்தியிருக்கிறேன். நான் கத்தியதைக் கேட்டபோதும் ஏன்டா சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா?

படகை எடுத்துக்கொண்டேன். வேளச்சேரி நீச்சல் குளத்தில் ஆழமில்லாத பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறேன். வாய்க்குள் நீர் போகிறது. பக்கத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்கு. நீ தைத்ததைப் போட்டுக்கொண்டு முதலில் கழியில் போவேன். கை கால் பழகியதும் ஏழுமலையிடம் அந்த ஒல்லிப் படகைக் கேட்டு வாங்கி, ஒரே ஓர் அலை மேலாவது ஏறி வருவேன். அன்று நான் உடுத்தி வந்த சட்டையைக் கழற்றிக் கரையில் வைப்பேன். காக்க ஆள் இருக்காது. போனால் போகட்டும்.

இப்போது கேட்கிறேன். அப்படிக் கூப்பிடலாமா?

இப்படிக்கு,
கரையிலேயே உட்கார்ந்திருந்த உன் மச்சான்,
ராமநாதன்