போட்டுக் கொடுத்த வில்லங்கம்

சிதம்பரம்
14.3.2026

அன்புள்ள வெண்மதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், பெர்லின் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி, ஆனாலும் ரேஷன் கடைக்கு நான்தான் போவேன் என்று பிடிவாதம்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் கத்திவிட்டேன். யார் கொடுத்தது, யார் வாங்கியது, எவ்வளவு என்று எதுவும் வெளியே தெரியாத அந்தக் கிரிப்டோ காசுக்கு நீங்கள் ஆப் செய்கிறீர்கள், அடுத்த வருஷம் ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் கம்பெனிகள் அதைத் தொடக் கூடாது என்று சட்டம் வருகிறது, அதனால் உன் பிரிவை மூடுகிறார்கள், யார் காசு எங்கே போகிறது என்று பார்த்து அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பும் பிரிவுக்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள், மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேலை போகும், விசாவுக்கும் ஆபத்து. இதுதானே நீ சொன்னது. அதற்கு நான், ஒளிச்சி வைக்கிறவன் எல்லாம் திருட்டுப்பயதான், பேசாம அதுல சேந்துடு என்றேன். முப்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன் வேறு என்ன சொல்வான். பேர், தகப்பன் பேர், ஆதார், நாலு எல்லை, ரெண்டு சாட்சி, இதில் ஒன்று குறைந்தாலும் எனக்குக் கை ஓடாது.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. ரெண்டு வருஷம் முன்னே குமராட்சியிலிருந்து புஷ்பவள்ளி என்று ஒரு தையல்காரப் பெண் வந்து மூணு சென்ட் மனை தன் பேருக்கு வாங்கினாள், நான்தான் பத்திரம் எழுதினேன். வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வித்துக் குடிச்சிடுவாரு அண்ணே, உங்களோட இருக்கட்டும் என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை ஒருவன் சிகரெட் அட்டையில் சர்வே நம்பர் எழுதிக்கொண்டு வந்து, வில்லங்கம் போட்டுக் குடுங்க சார் என்றான். சொத்து யார் யார் கை மாறியது என்று காட்டும் அந்தச் சான்றை யார் கேட்டாலும் கொடுக்கலாம், இப்போது கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷ வேலை. தட்டினேன், அச்செடுத்தேன், கொடுத்தேன். மனை யார் பேரில் இருக்கிறது என்று கூடப் படிக்கவில்லை.

புதன்கிழமை புஷ்பவள்ளி வந்தாள், உதடு வீங்கியிருந்தது. எவன் போட்டுக் குடுத்தான்னு தெரியல அண்ணே, மனைய அவரு பேருக்கே எழுதிக் குடுத்துடறேன், நீங்களே எழுதுங்க என்றாள். வாசலில் பைக்கில் புருஷன் உட்கார்ந்திருந்தான். அதே சிகரெட் அட்டைக்காரன். வில்லங்கம் போட்டுக் கொடுத்தேன் என்று தினமும் பத்து தடவை சொல்கிறவன் நான், அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சே, வெட்கமாகப் போய்விட்டது.

தானப் பத்திரம் எழுத உட்கார்ந்தேன். யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி என் முழு மனதோடு என்று ஒரு வரி வரும், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். அதற்கு மேல் கை போகவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லி, அன்னைக்கு எடுத்துக் குடுத்தது நான்தாம்மா என்பதையும் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாள். அங்கே அரை மணியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

திருடர்களும் அந்தக் கிரிப்டோ காசைத்தான் தேடுவார்கள், அரசாங்கம் சும்மா சட்டம் போடவில்லை, அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் திருட்டுப்பயல் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சேராதே என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, சேர் என்று சொல்லவும் இனி வாய் வராது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றினால் கிளம்பி வா, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். சேர்ந்தாயானால், ஒருத்தர் பேரை எழுதி அனுப்பும் முன் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படி.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிகிறது, மறந்துவிடாதே. இன்னொன்று, புஷ்பவள்ளி விஷயம் உன் அம்மாவுக்குத் தெரியாது. போனில் உளறிவிடாதே, அவள் முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்பராயலு