காயம் இல்லாமல் போனவளுக்கு

இன்று காலை குசினியில் வெங்காயம் அரியும்போது விரல் வெட்டுப்பட்டுவிட்டது. கைப்பையில் கிடந்த உன் பிளாஸ்டர் சுருளைப் பிரித்ததும் அந்த மருந்து மணம். விரலில் இரத்தம் வடிய, உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கார்மென்றில் பக்கத்துத் தையல் மெஷினில் இருந்தவள் நீ. பின்னேரமானால் உன் கண்ணிமைகள் தாமாக விழும். ஒரு துண்டு பிளாஸ்டரால் இமையைத் தூக்கி நெற்றியோடு ஒட்டிவிட்டு, "ஷட்டர் தூக்கியாச்சு. கடை திறந்திருக்கு, கதையடி" என்பாய். பிறகு நாக்கும் குழறத் தொடங்கியது. வேலைநேரத்தில் நித்திரை கொள்கிறாய் என்று மேற்பார்வையாளர் உன்னை நிறுத்தினார். கொழும்பில்தான் அதற்குப் பெயர் கிடைத்தது: மயஸ்தீனியா. ஓய்வெடுத்து ஆறியிருந்தால் தசைகள் வேலை செய்யும், களைத்தால் கைவிட்டுவிடும். அதற்குரிய மருந்துக் குளிசையும் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் பாமசிக்காரர், "ஒருத்தருக்காக எடுத்து வைக்கேலாது, தங்கச்சி" என்றார். நியாயம்தான். இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நீ வருத்தக்காரியாகியிருக்க வேண்டும்.

வேலை போனபின் குளிசைக்கு இருந்த ஒரே வழி அரசாங்க உதவிப்பணம். அந்தக் கந்தோருக்கு நானும் கூட வந்தேன்.

"காயம் எங்கை?" என்றார் அதிகாரி.

"காயம் இல்லை, சேர்."

"ஷெல் துண்டு ஏதும் உள்ளுக்கை கிடக்கோ?"

"இல்லை, சேர். இது தசை வருத்தம்."

யுத்தத்தைக் கேட்காமல் வன்னிக்குத் தானாக வந்த நோய். அதை எந்தக் கதிரையில் இருத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை. காலை நேரம், நீயோ பளிச்சென்று இருந்தாய். "நல்லாத்தானே இருக்கிறியள்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை வருத்தத்தைக் காட்டியே தீருவதென்று, கந்தோருக்கு நெடுந்தூரம் முன்னால், பரந்தன் சந்தியிலேயே பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் நடந்தாய். உள்ளே போகும்போது இமை விழுந்து, பேச்சுக் குழறி, தலையும் நிமிர்ந்து நிற்கவில்லை. அவர் பதறிப்போய்த் தன் கதிரையையே தந்தார். "ஐயோ, களைச்சுப்போனியள், பிள்ளை. வீட்டை போய் நல்லா ஆறிட்டு வாங்கோ." நல்ல மனுஷன். ஆறிவிட்டுப் போனாய். "பாத்தியளோ, இப்ப நல்லாத்தானே இருக்கிறியள்!" வெளியே வந்து இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அந்தக் கிழமை குளிசை முடிந்தது. மூச்சு விடவும் தசை வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மத்தியானம் போனில் என்னை நக்கலடித்தாய். பொழுதுபட முன்னரே உன் தங்கச்சி எடுத்து, "அக்கா மூச்சு விடுறா இல்லை" என்றாள். அந்த வசனம் இன்னும் எனக்குள் இறங்கி முடியவில்லை.

செத்தவீட்டில் எல்லோரும் "என்ன நடந்தது?" என்றார்கள். உன் அம்மா சொல்லிப் பார்த்தார், ஒருவருக்கும் விளங்கவில்லை. "பழைய ஷெல் துண்டு ஏதும் அசைஞ்சிருக்குமோ?" என்று யாரோ கேட்க, களைத்துப்போயிருந்த அம்மா, "ஓம்" என்றார். உடனே எல்லோருக்கும் விளங்கியது. அழத் தொடங்கினார்கள். நான் அழ மறந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உயிரோடு இருந்தபோது கிடைக்காத காயம் உனக்குக் கிடைத்துவிட்டது.

இன்றைக்கும் யாராவது "ஷெல்லாலை போன பிள்ளை" என்றால், "இல்லை" என்கிறேன். "அப்ப என்னத்தாலை?" என்கிறார்கள். ஆறுதலாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்குவேன். பாதியிலேயே கேட்பவரின் கண்ணிமை மெல்ல இறங்கும்.

விரலுக்கு ஒட்டியது போகப் பிளாஸ்டர் இன்னும் மிச்சமிருக்கிறது. திரும்பவும் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.