வாடை போகாத ஜெபக்கூடம்

சேசு மரி சூசை

ஆம்பூர்,
1926 ஜூலை

தங்கவயலில் இருக்கும் என் மாமாவுக்கு ஆரோக்கியமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் நம் பாப்பாவும் சுகம். சுரங்கத்தில் இறங்கும் உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஒரு புதுமை கேளுங்கள். ரஷீத் அஹமது சாயபு தொழிலை ஆற்றோரத்துக்கு மாற்றிவிட்டார். நீங்கள் வேலை செய்த பழைய தோல் கிடங்கை, ஜனங்கள் ஜெபம் பண்ணிக்கொள்ளட்டும் என்று நம் சாமியாரிடம் கொடுத்துவிட்டார். தொட்டிகளை மண் போட்டு மூடிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மணி கிடையாது, ஒரு சிலுவையும் பாய்களும்தான். வேலை விட்டதும் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்போம். பக்கத்து வீட்டு முனியம்மாகூட வருகிறாள். அத்தனை வாயாடி அங்கே வாயே திறப்பதில்லை என்றால் பாருங்கள்.

ஆனால் வாடை போகவில்லை. ஆவாரம்பட்டையும் பச்சைத் தோலும் ஊறின சுவர் சாம்பிராணிக்கு மசியுமா? போன ஞாயிறு அங்கே பூசை நடந்தது. மரக்கடைக்காரரும் வந்தார். கிறிஸ்துமஸ் பூசையில், "தோல்காரங்கல்லாம் வாசலாண்ட போய் நில்லுங்க, வாடை ஜாஸ்தி" என்று உங்களை எழுப்பிவிட்டாரே, அவரேதான். துண்டால் மூக்கைப் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். யாரை எழுப்பிவிடுவார்? சுவரையா? எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பூசைக்குப் போகுமுன் நீங்கள் உடம்பு சிவக்கச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பது ஞாபகம் வந்ததும் அழுதுவிட்டேன்.

"என் புள்ளைய அந்தக் கோயில் வாசல்ல நிக்க வைக்கமாட்டேன்" என்று சொல்லித்தானே, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ரயிலேறினீர்கள். அந்த வார்த்தைக்காகவே ஐந்து மாதமாக ஞானஸ்நானம் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். சாமியாரிடம் திட்டும் வாங்கியாயிற்று. பத்து நாளைக்கு முன் பாப்பாவுக்குச் சுரம் கொதித்தது. ஒரு பேர்கூட இல்லாமல் போய்விடுவாளோ என்று நடுங்கிப் போனேன். இப்போது தேவலை. ஆனாலும் இனி நான் காத்திருக்க மாட்டேன், மாமா.

ஆகஸ்ட் பதினைந்து, பரலோக மாதா திருநாளன்று கிடங்கிலேயே ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் சம்மதித்துவிட்டார். நீங்கள் தோல் புரட்டின பெரிய தொட்டி இருந்த இடத்தில்தான் தண்ணீர் வைக்கக் கேட்டிருக்கிறேன். பேரை மட்டும் நீங்கள் வந்து சொல்லவேண்டும். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அப்பா வேண்டும், எனக்கும் நீங்கள் வேண்டும்.

குளிக்க நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, ஸ்டேஷனிலிருந்து நேரே வந்துவிடுங்கள். முன்வரிசையில் உங்களுக்குப் பாய் விரித்து வைத்திருப்பேன்.

சர்வேசுரன் உங்களைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள்
ஆரோக்கியமேரி