தென்கிழக்கு மூலைக் குவிமாடம்

1985 மார்ச் 5, செவ்வாய்

இன்று இஸ்ஃபஹானில் அபாயச் சங்கு இரண்டு முறை ஊதியது. முதல் தடவை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைப் பிடித்தபடியே மாடிப்படிக்குக் கீழே ஓடி ஒடுங்கிவிட்டேன். "அம்மா, விமானத்தையா குத்தப்போற?" என்று நஸ்தரன் சிரித்தாள். ஒன்பது வயது. அவளுக்குச் சிரிக்க வருகிறது.

மாமியார் எஸ்மத் அசையவே இல்லை. "சாகறதுன்னா உக்காந்த இடத்துலயே சாவேன். செருப்பு வைக்கற பொந்துல போய்ச் சாகணும்னு எனக்கென்ன தலையெழுத்து?" சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார்.

குண்டு எங்கோ தொலைவில் விழுந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. அதற்குப் பிறகு நறுக்கிய வெங்காயத்தையே திரும்ப நறுக்கினேன். கணவர் ஹூஷங் பக்கம் திரும்பவில்லை. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டதால் அவர் வீட்டில்தான் இருக்கிறார். வேதியியல் வாத்தியாருக்கு இப்போது வேலை வானொலி கேட்பது. "மேமே ஊருக்குப் போயிடலாம், அக்கா வீடு பெருசு" என்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிக்கப்போகிறேன்?

மார்ச் 6

பள்ளிவாசலுக்குப் போனேன். எங்கள் பழுதுபார்ப்புப் பிரிவில் பாதிப் பேர் வரவில்லை. பொறியாளர் கல்பாசி மட்டும் வழக்கம்போல முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"அந்தத் தென்கிழக்கு மூலைய வரைஞ்சு முடிச்சிடுங்க, ஃபரங்கீஸ் அம்மா. அது ஒண்ணுதான் இன்னும் காகிதத்துல ஏறல."

"அவ்வளவு அவசரமா?"

"விழுந்தா திரும்பக் கட்டணும்ல?"

விழுந்தா! மழை வந்தா துணியை எடுக்கணும் என்பதுபோலச் சொல்கிறார்.

ஆனால் அவர் சொல்வது சரிதான். எங்கள் ஜாமிஆ பள்ளிவாசலை ஒருவர் ஒரே மூச்சில் கட்டவில்லை. ஒவ்வொரு காலத்தவரும் வந்து முந்தையவரின் சுவரில் தோள் சாய்த்துத் தன் பங்கைக் கட்டிவிட்டுப் போனார்கள். பெரிய கூடங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்னக் குவிமாடங்கள். ஒன்றில் செங்கல் சுழன்று ஏறும், பக்கத்தில் இருப்பதில் நட்சத்திரமாக விரியும், அடுத்ததில் பாய் முடைந்ததுபோல ஓடும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் கட்டிவிட முடியாது. வரையாமல் விட்டது விழுந்தால் போனது போனதுதான்.

மதியம் வடக்குக் குவிமாடத்தின் கீழ் போய் உட்கார்ந்தேன். சுல்தானின் அமைச்சர் தெற்கே பெரிய குவிமாடம் எழுப்பினார் என்று அவருடைய எதிரி வடக்கே இதை எழுப்பினான். அளவில் சிறியது, அழகில் அதைத் தோற்கடித்தது. "பொறாமை வாழ்க" என்பார் கல்பாசி. சில ஆண்டுகளுக்குள் இருவருமே கொலையுண்டு போனார்கள். செங்கல் மட்டும் தொள்ளாயிரம் வருடமாக நிற்கிறது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மனம் அடங்கும். இன்று அண்ணாந்து பார்த்தபோது எடை தெரிந்தது. இவ்வளவு செங்கல் என் தலைக்கு மேலே, எதைப் பிடித்துக்கொண்டு?

மங்கோலியர் வந்தார்கள், தைமூர் வந்தான், ஆப்கானியர் வந்தார்கள். அவர்களெல்லாம் தரைவழியே வந்தவர்கள்.

மார்ச் 7

ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை ஒட்டினோம். வீடே காயக்கட்டுப் போட்டதுபோல இருக்கிறது.

மார்ச் 9

ஹூஷங்கும் நஸ்தரனும் மேமேக்குப் போய்விட்டார்கள். வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். "செங்கல்லுக்காகவா இருக்கப்போற?" என்றார் ஹூஷங். கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

எனக்கே தெரியவில்லை, எதற்காக இருக்கிறேன் என்று. துணிச்சல் இல்லை. சங்கு ஊதினால் சிறுநீர் முட்டுகிறது. அந்த மூலையை வரையாமல் போனால் ஆயுசுக்கும் அது கண்ணுக்குள் நிற்கும் என்ற பயம், குண்டுப் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அவ்வளவுதான்.

மாமியார் வண்டியில் ஏறவில்லை. ஹூஷங் கெஞ்சினார். "என் மக வீட்டுல ஒரு வாய் நிம்மதியா திங்க முடியாதுடா. எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மான்னுவா. இவகூட சண்டை போட்டே பழகிடுச்சு" என்று என் பக்கம் தலையாட்டினார்.

வண்டி போன பிறகு கேட்டேன். "எனக்காக இருக்கீங்களா அத்தை?"

"உனக்கு உப்பு போடத் தெரியாது. பட்டினி கிடப்ப."

மார்ச் 11

இன்றோடு பதினோரு சங்கு... இல்லை, எண்ண வேண்டாம். மூலையில் பாதிக்கு மேல் வரைந்துவிட்டேன். ஏணி மேல் நிற்கும்போது சங்கு ஊதினால் என்ன செய்வது? குதிப்பதா? இறங்குவதா? இதையே நினைத்துக்கொண்டு வரைவதால் கோடு கோணலாகிறது.

ஒரு தூண் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பருமன். பழைய தூணை உள்ளே வைத்து மேலே புதிதாகக் கட்டியிருப்பார்கள். இங்கே பல இடங்களில் அப்படித்தான். நாளை அதன் மேலிருக்கும் குவிமாடம்.

மார்ச் 13

எழுத முடியவில்லை.

மார்ச் 15

எழுதினால்தான் தூங்க முடியும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நண்பகல். கல்பாசி தெஹ்ரானுக்குப் போயிருந்தார். நான் வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கியபடி அளவுநாடாவை எடுக்க முற்றத்தைத் தாண்டி அலுவல் அறைக்குப் போனேன். சங்கும் சத்தமும் ஒன்றாக வந்தன. சத்தம்கூட இல்லை அது — காதுக்குள் யாரோ கையை விட்டுத் திருகியதுபோல. விழுந்தேன். எழுந்தபோது முற்றம் முழுக்கப் புழுதி. எனக்கு முன்னால் என் கையே தெரியவில்லை.

புழுதி அடங்க அடங்கத் தென்கிழக்கில் வானம் தெரிந்தது. அங்கே வானம் தெரியக்கூடாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நவ்ரூஸ் புத்தாண்டுக்குப் பூண்டும் காடியும் வாங்க மாமியார் கடைத்தெருவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். "மதியத் தொழுகைய அங்கயே முடிச்சிட்டு உன்னையும் கூட்டிட்டு வரேன்." நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த மூலைக்குத்தான் வந்திருப்பார்.

ஓடினேன். செம்பிறைச் சங்கத்தார் எனக்கு முன்னே வந்துவிட்டார்கள். செங்கல் மேடு. சிலரை வெளியே எடுத்துத் துணி போர்த்தியிருந்தார்கள். நான் துணியைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தேன். அவருடைய செருப்பு இல்லை. அப்போது மேட்டின் உள்ளிருந்து குரல் கேட்டது.

"எவனாவது என் காலை எடுங்கடா. குளிர்ந்து போச்சு."

அவர்தான். சந்தேகமே இல்லை.

ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. அவர் கிடந்த இடத்துக்கு முன்னால் ஒரே ஒரு குவிமாடம் தனியாக நின்றது. பக்கத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டது. அதன் கீழே புகுந்துதான் போக வேண்டும். அந்தப் பருமனான தூணின் குவிமாடம். நான் இன்னும் வரையாதது.

தலைக்கவசம் போட்ட ஒரு தாடிக்காரர் என் கக்கத்தில் இருந்த வரைபடச் சுருளைப் பார்த்தார்.

"நீங்க இங்க வேலை செய்றவங்களா? இது நிக்குமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த வளைவுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் நிற்கின்றன. ஒரு பக்கம் தள்ளுவதற்கு ஆள் இல்லையென்றால் மறுபக்கம் சாயும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தூண். உள்ளே பழைய தூண் இருக்கும். அது தாங்கும். தாங்கும் என்றுதான் நினைத்தேனா, தாங்க வேண்டும் என்று நினைத்தேனா?

"நிக்கும்."

"என் ஆளுங்க நாலு பேர் உள்ள போறாங்க, சகோதரி. எல்லாருக்கும் புள்ள குட்டி இருக்கு. நிச்சயமா?"

இரண்டாம் முறை சொல்ல வாய் வரவில்லை.  அதனால் நடந்து போய்க் குவிமாடத்தின் கீழே நின்றேன். தூணில் முதுகை ஒட்டி நின்றேன். அவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே பார்க்கவில்லை. முக்காட்டின் மேல் மண் விழும் சத்தம் — மழைத் துளி மாதிரி. ஒரு செங்கல் என் காலருகே விழுந்து உடைந்தது. ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஓடினால் உள்ளே இருப்பவர்களும் ஓடுவார்கள். நஸ்தரனின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கடக்கும்போது கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் சுண்ணாம்பு.

"நீ ஏன்டி இங்க நிக்கற? வெளிய போ. போன்னு சொல்றேன்ல."

கத்தவில்லை. இத்தனை வருடத்தில் அவர் குரலில் பயத்தை அன்றுதான் கேட்டேன்.

மார்ச் 21

நவ்ரூஸ். மருத்துவமனையில் கழிந்தது. மாமியாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஹூஷங் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். "எதுக்குடா அழற? இனிமே ஒத்தைச் செருப்புதான் தேயும்" என்றார் அவர். நஸ்தரன் பாட்டியின் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனாள்.

ஏப்ரல் 9

என்னால் கூரைக்குக் கீழே இருக்க முடியவில்லை. சாப்பாட்டை முற்றத்துக்கு எடுத்துப்போகிறேன். குளிர்கிறது என்கிறார் ஹூஷங். குளிரட்டும். மழை வந்தால் தாழ்வாரம் வரை வருகிறேன், அங்கிருந்து ஓடிவிடலாம்.

யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. தெருவில் எல்லாரும் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள்.

ஏப்ரல் 10

விமானம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை போலிருந்தது. எதிர்பார்த்திருப்பது அதைவிட மோசம்.

ஜூன் 17

திரும்பக் கட்டும் வேலை ஆரம்பித்துவிட்டது. என் வரைபடங்களை வைத்துத்தான் கட்டுகிறார்கள். மேசையை முற்றத்தின் நடுவில் போட்டுத் தரும்படி கல்பாசியிடம் கேட்டேன். "வெயிலா இருக்குமே" என்றார். காற்று வேண்டும் என்றேன். நம்பியிருக்க மாட்டார், ஆனாலும் போட்டுக்கொடுத்தார்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் கதை சொல்கிறார். "எஞ்சினியருங்க எல்லாம் கையைப் பிசைஞ்சுட்டு நின்னாங்க. என் மருமக நிக்கும்னா. நின்னுச்சு." எஞ்சினியர் யாரும் அன்று அங்கே இல்லை. திருத்தப் பார்த்தேன். "நீ சும்மா இரு, உனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

ஆகஸ்ட் 28

புதிய செங்கல்லின் நிறம் பழையதோடு ஒட்டவில்லை. ஒட்ட வேண்டாம் என்கிறார் கல்பாசி. யார் எப்போது கட்டியது என்று அடுத்தவனுக்குத் தெரிய வேண்டுமாம். இன்று வடக்குக் குவிமாடத்தின் வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 20

காலையில் கல்பாசி என் மேசைக்கு வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் வருவார்.

"அந்தப் பருமனான தூணைத் திறந்து பாத்தோம், ஃபரங்கீஸ் அம்மா."

"பழைய தூண் எந்தக் காலத்தது?"

"பழைய தூணே இல்ல. வெளியில ஒரு வரிசைச் செங்கல். உள்ள உடைகல்லும் சாம்பல் மண்ணும். பிற்காலத்துல எவனோ ஓட்டையை மூடி அழகா பூசிட்டுப் போயிருக்கான். குவிமாடமும் நெடுக்க வெடிச்சிருக்கு. பக்கத்துத் தாங்கல் போன நிமிஷமே இது இறங்கியிருக்கணும்."

"பின்ன எப்படி நின்னுச்சு?"

"கணக்குப் போட்டுப் பாத்தாச்சு. நிக்கக் கூடாது."

  அந்தத் தாடிக்காரர் நினைவுக்கு வந்தார். எல்லாருக்கும் புள்ள குட்டி இருக்கு என்றாரே. அவர்கள் நாலு பேரும் என் சொல்லை நம்பி உள்ளே போனார்கள். நான் சொன்னது தப்பு. முழுத் தப்பு. முதுகை வைத்து நின்றேனே, அது சாம்பல் மண்.

பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டப்போகிறார்களாம். அதற்கு முன்னால் யாராவது உள்ளே போய் ஒவ்வொரு வரிசையாக வரைய வேண்டும். நாளை முட்டுக்கொடுக்கிறார்கள். "வேற ஆளை அனுப்பறேன்" என்றார் கல்பாசி. வேண்டாம், நான் போகிறேன் என்றேன். பென்சில்களைச் சீவத் தொடங்கினேன். 

மாலையில் மாமியார் முற்றத்தில் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கல்பாசி என்ன சொன்னான்?"

"ஒண்ணும் இல்ல அத்தை. அந்தக் குவிமாடம் நல்லா இருக்காம்."

"பின்ன? நீதான் அன்னிக்கே சொன்னியே."

நாளை மதியத்துக்கு எனக்குச் சோறு கட்டித் தருகிறாராம். நிறைய உப்புப் போட்டு.